மாடி அறையில் முயலும் கோழியும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை மாதத்தில் எங்கள் பக்கம் பெரிய புயல் அடித்து ஊரெல்லாம் வெள்ளக்காடானதே, அப்போது நடந்தது இது. எங்களுடையது விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் ரோட்டில், கண்டமங்கலத்துக்கு முன்பே உள்ளே திரும்புகிற ஒரு சின்ன கிராமம். ஆறு பக்கத்தில்தான். கணவர் புதுச்சேரியில் ஒரு கம்பெனிக்கு தினமும் வண்டியில் போய் வருகிறார். நான் வீட்டிலேயே துணி தைக்கிறேன். ஒரே மகள் சென்னையில் படிக்கிறாள்.

நாள் முழுக்க தையல் மெஷினில் குனிந்தே கிடந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, எழுந்து நடமாட ஒரு சாக்கு வேண்டுமே என்றுதான் கோழி வளர்க்க ஆரம்பித்தேன். நாட்டுக்கோழிகள். காலையில் திறந்துவிட்டால் தோட்டம், தெரு, அடுத்தவர் கொல்லை என்று மேய்ந்துவிட்டு பொழுது சாய்ந்ததும் தானாக வந்து கொல்லைக் கொட்டகையில் அடைந்துவிடும். முயல்கள் நான் கேட்டு வந்தவை இல்லை. கணவரோடு வேலை பார்த்தவர் வாடகை வீடு மாறினார். புது வீட்டுக்காரர் முயலெல்லாம் கூடாது என்று சொல்லிவிட்டாராம். கூண்டோடு கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு ஆரம்பித்தது என் குழப்பம். கோழியையும் முயலையும் ஒன்றாக விடலாமா, கூடாதா?

தீவனக் கடைக்காரர், "தாராளமா உடுங்கம்மா, அதுபாட்டுக்கு அது மேயும், இதுபாட்டுக்கு இது மேயும்" என்றார். கால்நடை டாக்டர், கோழி எச்சம் பட்ட தழையை முயல் தின்றால் வயிறு கெட்டுவிடும், தள்ளியே வையுங்கள் என்றார். போனில் ஒரு வீடியோவைப் பார்த்தால் ஒரே கொட்டகையில் இரண்டும் அழகாக ஓடியாடிக்கொண்டிருக்கின்றன. அடுத்த வீடியோவில் இன்னொருவர், இதைவிடப் பெரிய தப்பு உலகத்திலேயே இல்லை என்கிறார். சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று ஒருநாள் தைரியமாகத் திறந்துவிட்டேன். சேவல் நேராகப் போய் ஒரு முயலின் முதுகில் ஏறிக் கொத்தியது. அது பின்னங்காலால் தரையைத் தொம் தொம் என்று அடித்துவிட்டு மூலைக்கு ஓடியது. இன்னொரு முயல் கோழித் தீவனத்தை வயிறு முட்டத் தின்றுவிட்டு மறுநாள் முழுக்கச் சுருண்டு கிடந்தது. போதும்டா சாமி என்றாகிவிட்டது. கொட்டகைக்கு நடுவே கம்பிவலை அடித்து, இந்தப் பக்கம் முயல் கூண்டுகள், அந்தப் பக்கம் கோழிகள் என்று கணவர் பிரித்துக் கொடுத்தார். பிறகுதான் எனக்கு நிம்மதி.

புயலுக்கு முதல் நாள் காலை நாங்கள் இருவரும் திண்டிவனம் போனோம். அங்கே ஆஸ்பத்திரியில் என் அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன். அக்காவுக்குக் கூடமாட ஆள் கிடையாது. சாயங்காலமே திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினோம். வீட்டைப் பூட்டினோம், மொட்டைமாடி அறையையும் பூட்டினோம். மழை என்பதால் கோழிகளை வெளியே விடாமல் கொட்டகையிலேயே அடைத்து, இரண்டு பக்கமும் தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போனோம். ஒரு பெண்முயல் சினையாக இருந்தது. புள்ளிக்கோழி ஒன்று அடையில் உட்கார்ந்திருந்தது.

அன்று மாலை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இரவெல்லாம் காற்றும் மழையும் ஆஸ்பத்திரி ஜன்னல்களைப் போட்டு உலுக்கின. அடுத்த நாளும் மழை விடவில்லை. அதற்கு அடுத்த நாள் விடியும் நேரத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் போன் செய்தார்.

"ஆத்துத் தண்ணி ஊருக்குள்ள பூந்துடுச்சிம்மா. நாங்க ஸ்கூலுக்கு போய்க்கினு இருக்கோம். நீங்க இந்தப் பக்கமே வராதீங்க."

"அண்ணா, என் கோழிங்க... முயலுங்க..."

"உங்க கொட்டாய் கூரைதாம்மா தெரியுது."

அதோடு லைன் போய்விட்டது. பிறகு அவர் போனும் கிடைக்கவில்லை, ஊரில் யாருடைய போனும் கிடைக்கவில்லை. அக்காவின் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதேன். கோழியாவது எகிறிப் பறந்து கூரையில் உட்காரும். முயல் என்ன செய்யும்? கூண்டுக்கு வெளியே கம்பியை முறுக்கி மூடியது நான்தானே. எங்கள் வீடு முழுகியிருக்குமே என்ற கவலைகூட எனக்கு அப்போது வரவில்லை.

தண்ணீர் வடிந்து ரோடு திறந்த பிறகுதான் எங்களால் வர முடிந்தது. மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, முழங்கால் சேற்றில் நடந்தே போனோம். வீட்டுச் சுவரில் ஜன்னல் உயரத்துக்குச் செம்மண் கோடு. தையல் மெஷின் சேற்றில் குப்புறக் கிடந்தது. நான் நேராகக் கொல்லைக்கு ஓடினேன். கொட்டகை ஒரு பக்கமாகச் சாய்ந்து, தகரங்கள் பிய்ந்து தொங்கின. கூண்டுகள் எல்லாம் காலி. ஆனால் அடித்துப் போகவில்லை. ஒவ்வொரு கதவும் திறந்திருந்தது. நான் முறுக்கி வைத்த கம்பிகளை யாரோ நிதானமாகப் பிரித்திருந்தார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போது தலைக்கு மேலே சேவல் கூவியது.

வெளிப்பக்கப் படிக்கட்டில் ஏறினோம். சாரல் படாத மேல்படிகளில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. மாடி அறையின் பூட்டு உடைந்து கிடந்தது, பக்கத்திலேயே ஒரு கருங்கல். வெளியே மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். என் பழைய மரநாற்காலி கரியாகியிருந்தது. முட்டை ஓடுகள், அறையில் மூட்டையாக வைத்திருந்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் ஓடுகள், ஒரு மூலையில் என் சிவப்புக்கோழியின் இறகுகள். சுவரை ஒட்டி வளர்ந்திருக்கும் கல்யாண முருங்கையில் கைக்கு எட்டுகிற கிளைகள் எல்லாம் மொட்டையாக நின்றன.

கதவைத் தள்ளினேன். உள்ளே கோழிகளும் முயல்களும் ஒன்றாகக் கிடந்தன. மழைக் குளிருக்கு ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு, எது இறகு, எது முடி என்று பிரித்துப் பார்க்க முடியாமல் கிடந்தன. முயலின் முதுகில் ஏறிக் கொத்திய அதே சேவல் அதே முயலுக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றது. பாத்திரத்தில் தண்ணீர். வாடாத தழை. மூலையில் புள்ளிக்கோழி உடம்பை அகல விரித்து அடையில் இருந்தது. முட்டைகளைத்தான் தின்றுவிட்டார்களே, எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று கையை விட்டுப் பார்த்தேன். சூடாக, மெத்தென்று ஏதோ நெளிந்தது. கண் திறக்காத முயல்குட்டிகள். தாய்முயல் தன் முடியைப் பிய்த்துப் போட்டு ஈன்றிருக்கிறது. கோழி குட்டிகளின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டிருக்கிறது.

குட்டிகளுக்கு அடியில் என் பழைய அரக்குப் புடவை. மிதியடி தைக்கலாம் என்று சாக்கில் கட்டி வைத்திருந்தது. பாதிதான் இருந்தது. நீளவாக்கில் கிழித்து மீதியை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

கணவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "பூட்ட ஒடைச்சிருக்கான், கோழிய படிக்கட்டுலயே வச்சி அறுத்து ஆக்கித் தின்னிருக்கான். ஊரே தண்ணியில கெடக்கும்போது இவனுக்கு விருந்து கேக்குது பாரேன். ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் மறுவேலை."

"எல்லாம் சரிங்க. முயல ஏன் மேல தூக்கினு வந்தான்? தழை ஏன் ஒடைச்சிப் போட்டான்?"

"அதையும் தின்னலாம்னு வச்சிருப்பான்."

"அப்படின்னா இந்தக் குட்டிங்களுக்கு எதுக்குப் புடவைய விரிச்சான்?"

ஊரார் ஆளுக்கொன்று சொன்னார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் ஸ்கூலுக்குப் போகும்போது எங்கள் மாடியில் ஆள் நடமாட்டத்தைப் பார்த்தாராம். நாங்கள்தான் திரும்பிவிட்டோமோ என்று நினைத்தாராம். எதிர்வீட்டு அக்கா, ஏதாவது சாமியே வந்து காப்பாற்றியிருக்கும், மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஒரு அமாவாசைக்குப் போய் வா என்றார். சாமி கோழிக்குழம்பு வைத்துச் சாப்பிடுமா என்று கணவர் கேட்டார். சேறு வாரும் வேலையில் போலீஸுக்குப் போவது தள்ளிக்கொண்டே போனது. உண்மையில் அதைத் தள்ளிப் போட்டது நான்தான். சிவப்புக்கோழியின் இறகைப் பார்த்தால் திட்டத் தோன்றும். முயல்களைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஒரே ஆளை எப்படி இரண்டும் செய்வது?

கொட்டகையை நிமிர்த்தியதும் கணவர் பழையபடி நடுவில் வலையை அடித்தார். குட்டிகளைத் தாயோடு கூண்டில் விட்டேன். அன்றெல்லாம் புள்ளிக்கோழி வலையோரமாக அங்கும் இங்கும் ஓடி ஓடிக் கத்தியது. தீனியைத் தொடவில்லை. குட்டிகளைத் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருந்தன. பயந்துபோய், வலையில் பாதியைப் பிரித்து, கூண்டையும் திறந்து கோழியை உள்ளே விட்டேன். அது போய் ஏறி உட்கார்ந்ததும்தான் என் மூச்சும் சீராக வந்தது. விடிகாலையில் தாய்முயல் வரும். கோழி எழுந்து நகர்ந்து நிற்கும். முயல் பால் கொடுத்துவிட்டுத் தாவிப் போய்விடும். கோழி திரும்ப வந்து உட்காரும். இதை யார் இவற்றுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? டாக்டரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "நடக்குதுன்னா உட்டுடுங்கம்மா, தீனி மட்டும் தனித்தனியா வையுங்க" என்றார்.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு, அக்காவை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் பஸ்ஸில் தனியாக வந்துகொண்டிருந்தேன். பஸ் கிளம்பும் நேரத்தில் ஒரு இளம்பெண் கைக்குழந்தையோடு ஓடிவந்து ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பனிக்காற்றுக்குக் குழந்தையைப் போர்த்தியிருந்தாள். அரக்கு நிறத் துணி. ஏதோ ஒரு அரக்குத் துணி என்று நான் பார்வையைத் திருப்பியிருப்பேன். ஆனால் கரையோரம் பச்சை நூலில் ஒரு இலை இருந்தது. இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டையை மறைக்க நானே தைத்த இலை. என் கைத்தையல் எனக்குத் தெரியாதா?

என்ன கேட்பது? 'ஏம்மா, என் வீட்டுப் பூட்டை உடைத்தாயா' என்றா? எழுந்து கண்டக்டரிடம் சொல்வதா? சொல்லி? குழந்தை கையை வெளியே நீட்டி என் வளையலைப் பிடித்தது. வேறு எதுவும் தோன்றாமல், "துணி நல்லா கதகதன்னு இருக்கே" என்று கோணலாக ஆரம்பித்தேன்.

அவள் துணியைக் குனிந்து பார்த்தாள். "இது எங்களுது இல்லக்கா" என்றாள்.

இப்படி நேராகச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். சொந்த ஊர் கண்டாச்சிபுரத்துப் பக்கம். கணவனும் அவளும் கரும்பு வெட்டப் போகிறவர்கள்.

"பொயலப்போ கண்டமங்கலத்துப் பக்கம் கரும்புக் கொல்லையில தார்ப்பாய் கட்டிக்கினு இருந்தோம்க்கா. கூட இருந்தவங்க எல்லாம் ஊருக்குப் போய்ட்டாங்க. கொழந்தைக்கு ஜொரம், மழையில தூக்கினு போவ வேணாம்னு நாங்க மட்டும் தங்கிட்டோம். விடியறதுக்குள்ள படுத்துக்கினு இருந்த பாய் மெதக்குது. ஓடி வந்தா ஒரு வூட்டுக்கு வெளிய படி இருந்துச்சி. ஏறிட்டோம். ரூமு பூட்டியிருந்துச்சி. மழையில கொழந்த நீலம் பூத்துப் போச்சுக்கா. அது கல்ல எடுத்து ஒடைச்சிடுச்சி."

'அது' என்று அவள் சொன்னது கணவனை.

"கொஞ்ச நேரத்துல கீழ இருந்து தொம் தொம்னு சத்தம். மொயலுங்க. கூண்டுல மாட்டிக்கினு காலால ஒதைக்குதுங்க. போவாதன்னு நான் அது கையப் புடிச்சிக்கினேன். அதுக்கு நீச்சல் தெரியாதுக்கா. தண்ணி மார் வரைக்கும் வந்துடுச்சி. 'கூண்டுல கெடக்குதுங்கடி'ன்னு மட்டும் சொல்லிட்டு எறங்கிடுச்சி. ஒண்ணொண்ணா தூக்கினு வந்து குடுக்குது, நான் வாங்கி வாங்கி உள்ள உடுறேன். அப்புறம் கோழிங்கள. தகரம் கிழிச்சி கால்ல இம்மாம் நீட்டுக்கு காயம். படியெல்லாம் ரத்தம்."

படிக்கட்டைக் கழுவும்போது நானும் என் கணவரும் என்னென்ன பேசினோம் என்பது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"மறுநாளும் யாரும் வரலக்கா. பச்சை மல்லாட்டையே தின்னு எனக்குப் பால் ஊறல. கொழந்த அழுது அழுது சத்தமே அடங்கிப் போச்சி. ஒரு கோழிய அறுத்துட்டோம். எங்க வூட்டாளு ஒரு கால இழுத்துக்கினு மொயலுங்களுக்குத் தழை ஒடைச்சிப் போடும், அந்தக் கையாலேயே கோழியவும் அறுத்துச்சி. அப்புறம் தண்ணி கொஞ்சம் வடிஞ்சதும் ட்ராக்டர் ஒண்ணு வந்துச்சி. கொழந்தைக்கு மூச்சு எரைக்குது, அதுக்கு கால் வீங்கிப் போச்சி. ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. அந்த வூட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியல. அந்த அக்கா எங்களுக்கு எத்தினி சாபம் உட்டாங்களோ."

"சாபமெல்லாம் விடல" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது.

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

பச்சை இலையைத் தொட்டுக் காட்டினேன். "இதை நான்தாம்மா தச்சேன்."

அவள் சட்டென்று குழந்தையை மடியில் கிடத்தி, போர்த்தியிருந்த துணியைப் பரபரவென்று உருவ ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தித் திரும்பப் போர்த்தினேன். இருவரும் அழுதோம். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் என்ன நினைத்தாரோ.

கொஞ்ச தூரம் போன பிறகு, மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "ஒரு புள்ளிக்கோழி மொயக்குட்டிங்க மேல ஏறி ஒக்காந்துச்சே, அந்தக் குட்டிங்க பொழைச்சிதாக்கா?"

"எல்லாம் பொழைச்சிடுச்சி. தரையெல்லாம் ஓடுது. கோழி பின்னாடியேதான் திரியுதுங்க."

"கொத்திடும்னு நான் வெரட்டிக்கினே இருந்தேன். எங்க வூட்டாளுதான் 'உடு, அதுங்களுக்குத் தெரியும்'னுச்சி. எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலக்கா."

எனக்கும் புரியவில்லை என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்தது.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவளைக் கண்டாச்சிபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். குழந்தைக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுத்ததைத் தவிர ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. எல்லாரும் ஒருநாள் வீட்டுக்கு வாங்க என்றேன். ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "வழிதான் தெரியுமேக்கா. இந்த வாட்டி கதவத் தட்டிக்கினு வர்றோம்."

அன்று இரவு கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு, "அந்தாளு காலு ஆறிடுச்சாமா?" என்று மட்டும் கேட்டார். ஆறிவிட்டதாம், தாங்கித் தாங்கித்தான் நடக்கிறாராம், திண்டிவனம் பக்கம் ஒரு செங்கல் சூளையில் வேலைக்குப் போகிறாராம் என்றேன். மறுநாள் காலை எழுந்து பார்த்தால், கொட்டகையின் நடுவில் பாதி நின்றிருந்த வலையை அவர் கழற்றிக்கொண்டிருந்தார்.

இன்றும் என்னிடம் வந்து, கோழியையும் முயலையும் ஒன்றாக வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தெளிவாக ஒரு பதில் சொல்ல எனக்கு வரவில்லை. சேவல் இன்னமும் சில நாள் முயலைத் துரத்துகிறது. சில நாள் இரண்டும் ஒரே நிழலில் படுத்துக் கிடக்கின்றன. மனிதர்கள் விஷயத்திலும் என் தெளிவு அவ்வளவுதான். என் வீட்டுப் பூட்டை உடைத்ததும் நீச்சல் தெரியாமல் வெள்ளத்தில் இறங்கிக் கூண்டைத் திறந்ததும் ஒரே கைதான் என்று தெரிந்த நாளிலிருந்து, முகம் தெரியாத யாரையும் இப்படிப்பட்டவர் என்று சட்டெனச் சொல்லிவிட என் நாக்கு தயங்குகிறது. அந்தத் தயக்கம் என்னை விட்டுப் போகாமல் இருந்தால் நல்லது என்றுதான் நினைக்கிறேன்.